ஓ.டி. வேலைக்கு எங்கே படிப்பது? சுங்கை சிப்புட் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் ஐந்தாம் படிவம் முடிக்கும் பிள்ளைகள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வெளியாகும் சமயத்தில் எல்பில், டவன்பி, ஹீவுட் தோட்டப் பக்கமிருந்தும் டவுன் தாமான்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வரும். "ஆபரேஷன் செய்யும்போது டாக்டர் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிறார்களே, அந்த வேலைக்கு எங்கே படிப்பது?" என்று தொடங்கும். சம்பளம், கல்யாணம், ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். நான் பேராக்கில் ஓ.டி.யில், அதாவது அறுவை அறையில், கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் வேலை பார்க்கும் தாதி. கேட்பவர்களுக்கு வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, யூடியூபில் "சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட்" என்று பார்த்தேன். அது என்ன வேலை?

அறுவை சிகிச்சைக்கு முன்பு கருவிகளைத் தயார் செய்வது, சிகிச்சை நடக்கும்போது கிருமி படாத உடையில் நின்று டாக்டர் கையில் சரியான கருவியைச் சரியான நேரத்தில் வைப்பது, கடைசியில் எதுவும் உடம்புக்குள் தங்கிவிடவில்லை என்று எண்ணிச் சொல்வது. வேலையின் சாரம் இவ்வளவுதான்.

நீங்கள் பார்த்த பெயர் அமெரிக்காவில் உள்ளது. இரண்டாம் உலகப் போரில் தாதியர் போதாமல் ராணுவ மருத்துவ உதவியாளர்களை அறுவை அறையில் பழக்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த தொழில் இது. 1969-இல் அவர்களுக்கென்று தனிச் சங்கம் வந்தது. அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ படிக்கிறார்கள். படிப்பு முடிவதற்குள் 120 அறுவை சிகிச்சைகளில் ஸ்க்ரப் செய்து நின்றிருக்க வேண்டும். அதில் பெரும்பகுதியில் முதல் ஆளாக நின்று தானே மேசையை நடத்தியிருக்க வேண்டும். பிறகு தேர்வு எழுதி சான்றிதழ் வாங்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிரிட்டனிலும் இந்த அறைக்கென்றே தனிப் படிப்பும் பதிவும் உண்டு.

அந்தப் பெயரில் மலேசியாவில் படிப்பு உண்டா?

அமெரிக்காவில் இருப்பது போல, எஸ்.பி.எம். முடித்ததும் நேராகப் போய்ச் சேர்ந்து தனித் தொழிலாகப் பதிவு வாங்கும் வழி இங்கே இல்லை. நிறையப் பேர் இது தெரியாமல் பணத்தையும் வருடத்தையும் தொலைக்கிறார்கள்.

ஓ.டி. வேலையை இங்கே மூன்று தரப்பினர் பிரித்துச் செய்கிறார்கள். கருவி மேசையில் நிற்பது பெரும்பாலும் பதிவு பெற்ற தாதி. மயக்க மருந்து டாக்டருக்கு உதவுவது, எலும்பு ஆபரேஷனில் நோயாளியைச் சரியாகக் கிடத்துவது, மாவுக்கட்டு, கருவிகளை அவித்து அனுப்பும் சி.எஸ்.எஸ்.யூ. பிரிவு ஆகியவற்றில் எம்.ஏ. அதிகம், அதாவது மருத்துவ உதவி அதிகாரி. நோயாளியைத் தள்ளி வருவது, அறையைச் சுத்தம் செய்து அடுத்த கேஸுக்குத் தயார் செய்வது, மாதிரிகளை லேபுக்குக் கொண்டுபோவது பராமரிப்பு உதவியாளர்கள்.

ஆகவே வாசல் இரண்டு. தாதிப் படிப்பு ஒன்று, எம்.ஏ. படிப்பு இன்னொன்று. எதில் நுழைந்தாலும் பிறகு ஓ.டி.க்கென்று உள்ள மேற்பயிற்சி எடுத்துக்கொள்ளலாம். அதைப் பெரியோபெரேட்டிவ் என்பார்கள்.

தாதி வழியாகப் போக என்ன தகுதி வேண்டும்? எத்தனை வருடம்?

டிப்ளோமா மூன்று வருடம். வழக்கமாகக் கேட்பது எஸ்.பி.எம்.மில் ஐந்து கிரெடிட், அதாவது வெறும் தேர்ச்சிக்கு மேலான மதிப்பெண்: மலாய் மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம், வேறு இரண்டு பாடங்கள். ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். அறிவியல் வகுப்பில் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பொது அறிவியல் பாடமும் சேரும். தமிழ்மொழியில் வாங்கிய கிரெடிட்டை அந்த "வேறு இரண்டில்" ஒன்றாகக் காட்டலாம். தமிழை விட்டுவிட்டால்தான் மருத்துவத் துறைக்குப் போக முடியும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. நிபந்தனைகள் அவ்வப்போது மாறும், சேரும் வருடத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. மலாயும் சரித்திரமும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. சரித்திரத்துக்கு இந்த விதி 2013-இலிருந்து உள்ளது. உயிரியலில் ஏ வாங்கிவிட்டு சரித்திரத்தில் கோட்டை விட்ட பிள்ளைகள் உண்டு.

படிப்பு முடிந்ததும் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வு எழுதிப் பதிவு பெற வேண்டும். தாதியர் சட்டம் 1950-ஆம் ஆண்டினுடையது. அதன்படி பதிவும், ஒவ்வொரு வருடத்துக்குமான பணிச் சான்றிதழும் இல்லாமல் யாரும் தாதியாக வேலை செய்ய முடியாது.

அதன் பிறகு ஓ.டி. சிலருக்கு முதல் வேலையே ஓ.டி.யில் அமைந்துவிடும். சிலர் இரண்டு மூன்று வருடம் வார்டில் இருந்துவிட்டு வருவார்கள். வார்டில் இருந்த காலம் வீண் என்று நினைக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து இரவெல்லாம் வலியில் புரளும் நோயாளியைக் கவனித்தவருக்கு, மேசையில் கிடப்பவர் மேல் இருக்கும் அக்கறையே வேறு. பெரியோபெரேட்டிவ் மேற்பயிற்சி ஏறக்குறைய ஒரு வருடம். பெரும்பாலும் வேலையில் இருக்கும்போதே மருத்துவமனை அனுப்பி வைக்கும்.

எம்.ஏ. என்றால் எங்கள் தாத்தா காலத்து டிரெஸ்ஸர்தானே?

ஆமாம், அந்த வம்சம்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, பாம்புக்கடிக்கு ஓடிவந்து, பிரசவத்துக்கும் பக்கத்தில் நின்ற டிரெஸ்ஸர் ஐயாவை நம் பெரியவர்கள் இன்னும் பெயர் சொல்லிப் பேசுவார்கள். தோட்டத்து எச்.ஏ.க்களை, அதாவது மருத்துவமனை உதவியாளர்களை, பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. மருத்துவ உதவியாளர்களுக்கான பதிவுச் சட்டம் 1977-இல் வந்தது. இன்றைய பதவிப் பெயர் பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான். எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் இன்னும் எம்.ஏ. என்றுதான் சொல்கிறோம்.

இதுவும் மூன்று வருட டிப்ளோமா. தகுதி ஏறக்குறைய தாதிப் படிப்பைப் போலத்தான். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் எம்.ஏ.க்குப் பேர்போனவை இரண்டு: ஒன்று சிரம்பானில், இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே உலு கிந்தாவில். ஈப்போவுக்குப் போய் வருகிற தூரத்தில் இவ்வளவு நல்ல பயிற்சி இடம் இருக்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியவில்லை. எனக்கு இதில் மிகவும் வருத்தம்.

எனக்கு எது பொருந்தும்?

கருவி மேசைக்குப் பக்கத்தில், டாக்டர் எதிரில் நிற்கத்தான் ஆசை என்றால் தாதி. அவசரப் பிரிவு, ஆம்புலன்ஸ், மயக்க மருந்து, எலும்பு முறிவு என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும் என்றால் எம்.ஏ. முன்பு எம்.ஏ. என்றாலே ஆண்கள்தான். இப்போது பெண்களும் இருக்கிறார்கள். அதேபோல ஆண் தாதியரும் உண்டு. "பையன் போய் மிஸ்ஸி வேலை பார்ப்பதா?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். அவர் முட்டி ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது அவரைப் புரட்டிப் படுக்க வைத்ததே ஓர் ஆண் தாதிதான்.

ஆறு மாதத்தில் ஓ.டி. டெக்னீஷியன் ஆகலாம், வேலை நிச்சயம் என்று விளம்பரம் வருகிறதே?

பணம் கட்டுவதற்கு முன்பு மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் படிப்பு, கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா? அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். தாதி, எம்.ஏ. படிப்பு என்று சொன்னால், அந்தந்த வாரியம் ஒப்புக்கொண்ட இடமா? மருத்துவமனைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை வாரம், எழுத்தில் தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரி பொறுக்கிச் சேர்த்த பணத்தை இப்படி ஓர் இடத்தில் கட்டினான். ஹோட்டலில் நடந்த பட்டமளிப்பில் அங்கி போட்டுப் படமும் எடுத்துக்கொண்டான். அந்தத் தாளை எந்த மருத்துவமனையும் தாதிக்கோ எம்.ஏ.க்கோ சமமாக ஏற்கவில்லை. கடைசியில் உதவியாளர் வேலைதான் கிடைத்தது. அந்த வேலைக்கு அந்தத் தாளே தேவைப்பட்டிருக்காது.

குறுகிய காலப் படிப்பு எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. தனியார் மருத்துவமனைகள் ஓ.டி. அசிஸ்டன்ட் என்று ஆள் எடுத்துத் தாங்களே பழக்குவதுண்டு. அது நேர்மையான வேலை. ஆனால் அதில் பதிவு இல்லை, அந்த மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால் கையில் பெரிதாக எதுவும் இருக்காது. சேரும்போதே இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. ஓ.டி. டெக்னாலஜி இருக்கிறது, கட்டணமும் குறைவு என்கிறார்கள். போகலாமா?

படிப்பு நல்ல படிப்புதான். மயக்க மருந்துத் தொழில்நுட்பத்தோடு சேர்த்து நடத்துகிறார்கள். மூன்று வருட வகுப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் இருக்கும். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இவர்களுக்கு நல்ல தேவை இருக்கிறது. ஆனால் நீங்கள் திரும்பி வந்து இங்கே வேலை தேடும்போது சிக்கல் வரும். அந்தப் பட்டத்தை வைத்து மலேசியத் தாதியாகவோ எம்.ஏ.வாகவோ பதிவு செய்ய முடியாது. நான்கு வருடம் கழித்து உதவியாளர் வேலைக்கு வரிசையில் நிற்க நேரலாம். அங்கேயே தங்கி வேலை பார்க்கலாம் என்றால், வெளிநாட்டவருக்கு அதற்கு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் ஊர்ப் பிள்ளைக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

செலவு எவ்வளவு ஆகும்? எங்களால் முடியுமா?

அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் இடம் கிடைத்தால் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் செலவு குறைவு. அதனால்தான் போட்டி கடுமை. விண்ணப்பம் இணையம் வழி, அறிவிப்பு வந்த சில நாளில் மூடிவிடுவார்கள். தோட்டத்தில் லைன் சரியில்லை என்று காத்திருந்து வாய்ப்பை விட்டவர்கள் உண்டு. டவுனுக்கு வந்து உட்கார்ந்து அனுப்பிவிடுங்கள்.

தனியாரில் மொத்தக் கட்டணம் பல பத்தாயிரம் ரிங்கிட். அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் உண்டு, முழுவதையும் மூடாது. இங்கேதான் பலர் கவனிக்காத நல்ல வழி இருக்கிறது. தனியார் மருத்துவமனைகள் சில, தங்கள் கல்லூரியில் படிப்பவர்களுக்குக் கட்டணத்தைத் தாங்களே ஏற்று மாதச் செலவுக்கும் கொடுக்கும். படிப்பு முடிந்ததும் அங்கே சில வருடம் வேலை செய்து கொடுக்க வேண்டும். பினாங்கில் லாம் வா ஈ, அட்வென்டிஸ்ட் போன்ற மருத்துவமனைகள் நீண்ட காலமாகத் தாதிக் கல்லூரி நடத்துகின்றன. கே.பி.ஜே. குழுமத்துக்கு நீலாயில் பல்கலைக்கழகமே இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடாவில் பீடோங்கில் இருக்கிறது. எந்த வருடம் எந்தப் படிப்பு, என்ன உதவி என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாண்டில், அதாவது அந்த வேலை ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போடுமுன் இதையெல்லாம் படியுங்கள்: எத்தனை வருடம் கட்டு, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், வாரியத் தேர்வில் ஒருமுறை தவறினால் என்ன ஆகும், ஜாமீன் கையெழுத்து யார் போடுவது. சித்தப்பாவோ மாமாவோ ஜாமீன் போடுவதாக இருந்தால் அவரும் படித்துப் புரிந்துகொண்டு போடட்டும். புரியாத இடத்தில் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் காட்டுங்கள்.

எஸ்.பி.எம்.மில் கிரெடிட் போதவில்லை. கதவு மூடியாயிற்றா?

இல்லை. மலாய், கணிதம் போன்ற பாடத்தில் ஒன்றிரண்டு குறைந்தால் மறுபடி எழுதுங்கள். ஒரு வருடம் போனால் போகட்டும், பதினெட்டு வயதில் அது பெரிய இழப்பில்லை. அந்த வருடத்தில் பராமரிப்பு உதவியாளராகவோ கிளினிக்கிலோ வேலை செய்தால் நோயாளிகளோடு பழகிய அனுபவம் கிடைக்கும். பிறகு நேர்முகத் தேர்வில் பேச விஷயமும் இருக்கும். உதவியாளராக ஓ.டி.க்குள் வந்து, பார்த்துப் பார்த்து ஆசை பிடித்து, மறுபடி பரீட்சை எழுதித் தாதிப் படிப்புக்குப் போனவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அவர்களுக்குக் கருவிகளின் பெயர் முன்பே மனப்பாடம்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆங்கிலம் சுமார்தான். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் இன்றே தொடங்க வேண்டும். கருவிகள், நூல்கள், உடல் உறுப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். நோயாளியோடு மலாய். மாமா, மாமி, அம்மாச்சி யாராவது வந்து பயந்து நடுங்கினால் நம் தமிழ். மேசையில் படுத்திருக்கும் தோட்டத்துப் பாட்டியிடம் "பயப்படாதீங்கம்மா, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று தமிழில் சொன்னால், அந்தக் கை என் கையைப் பிடித்துக்கொள்ளும். அதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தராது.

இலக்கண ஆங்கிலம் சரளமாக வர வேண்டும் என்பதில்லை. கேட்டது காதில் சரியாக விழ வேண்டும், திருப்பித் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். முகக்கவசத்துக்குள்ளிருந்து டாக்டர் முனகுவார், புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் திரும்பக் கேட்க வேண்டும். புரிந்த மாதிரி தலையாட்டும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விட்டுவிடுங்கள்.

உள்ளே வேலை எப்படி நடக்கும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

காலையில் பட்டியலைப் பார்த்து இன்று என்னென்ன கேஸ், எந்தக் கருவிப் பெட்டி என்று எடுத்து வைப்போம். பெட்டி சி.எஸ்.எஸ்.யூ.விலிருந்து வரும். நீராவியில் 134 டிகிரியில் சில நிமிடமோ 121 டிகிரியில் கால் மணி நேரமோ அவிந்து வந்திருக்கும். மேலே ஒட்டிய பட்டை நிறம் மாறியிருக்கிறதா, உறை கிழியாமல் நனையாமல் இருக்கிறதா, தேதி சரியா என்று பார்க்காமல் எதையும் திறக்க மாட்டோம். ஈரமாக இருந்தால் எவ்வளவு அவசரமானாலும் அது ஒதுக்கப்பட்டுவிடும்.

பிறகு ஸ்க்ரப். விரல் நுனி தொடங்கி முழங்கை வரை கிருமிநாசினியால் தேய்த்துக் கழுவ மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். கைகள் எப்போதும் முழங்கைக்கு மேலே, தண்ணீர் முழங்கை வழியாக வடிய வேண்டும். அங்கி, கையுறை போட்ட பிறகு நெஞ்சிலிருந்து இடுப்பு வரை முன்பக்கமும் கைகளும்தான் சுத்தம். முதுகு சுத்தமில்லை, இடுப்புக்குக் கீழே சுத்தமில்லை. காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருப்பவர் யார் மேலும் படாமல் ஒதுங்கி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரப் செய்தவர் அறைக்குள் நடப்பதும் அப்படித்தான். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது.

மேசையில் கருவிகளை அடுக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. கத்திப் பிடி, பிளேடு, கத்தரி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், ஊசி பிடிக்கும் நீடில் ஹோல்டர், திசுவை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர்கள். 10, 11, 15 எண் பிளேடுகள் மூன்றாம் எண் பிடியில் ஏறும். 20-க்கு மேற்பட்டவை நான்காம் எண் பிடியில். பிளேடைக் கையால் மாட்டக் கூடாது, ஃபோர்செப்ஸால் பிடித்துத்தான் மாட்ட வேண்டும். கூரானதைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதைத் தவிர்த்து, கிட்னி டிஷ் என்ற வளைந்த தட்டில் வைத்து நீட்டுவோம்.

இனி எண்ணிக்கை. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தொடங்கும் முன்பே ரத்தம் ஒற்றும் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வாய்விட்டு எண்ணி, அறையில் சுற்றி நிற்கும் தாதியும் கூடவே எண்ணி, வெள்ளைப் பலகையில் எழுதுவார். துணிக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் நூல் ஓடும். ரத்தம் தோய்ந்து வெளியே வந்தவற்றை அவர் ஐந்து ஐந்தாக விரித்து வைப்பார். வயிற்றை மூடும் முன்பு ஒரு எண்ணிக்கை, தோலைத் தைக்கும் முன்பு இன்னொன்று. ஊசி, பிளேடு, கருவி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. ஒன்று குறைந்தால் "கவுண்ட் சரியில்லை, டாக்டர்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். காயத்துக்குள், துணிகளுக்கு இடையில், குப்பைப் பையில், தரையில், செருப்புக்கு அடியில் தேடுவோம். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள். அறையிலேயே இளையவளாக இருந்தாலும் அந்த நேரத்தில் உங்கள் குரல் நடுங்கக் கூடாது. தோட்டத்துப் பிள்ளைகளை "பெரியவர்கள் முன்னால் பேசாதே" என்று வளர்த்துவிடுகிறோம். இந்த வேலைக்கு வரும் பிள்ளை பேசியே ஆக வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. மயக்கம் கொடுக்கும் முன்பு, கத்தி வைக்கும் முன்பு, நோயாளி அறையை விட்டுப் போகும் முன்பு என்று மூன்று இடத்தில் எல்லோரும் நின்று பெயர், ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று உறுதி செய்ய வேண்டும். எட்டு நகரங்களில் வைத்துப் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. புது மருந்தோ இயந்திரமோ இல்லை, சத்தமாகக் கேட்டுச் சரிபார்த்ததுதான். நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இதைப் பின்பற்றுகிறோம்.

ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்.

பலருக்குச் சுற்றும். முதல் சில நாள் மட்டும். காலையில் பசியாறாமல் வரக் கூடாது. நிற்கும்போது முட்டியை விறைப்பாக வைக்காமல் லேசாகத் தளர்த்துங்கள். வியர்த்து, காது அடைத்தால் உடனே சொல்லிவிட்டு மேசையை விட்டுப் பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். முன்பக்கமாக மேசை மேல் விழுந்தால்தான் எல்லோருக்கும் சிரமம்.

கையில் சாமிக் கயிறு, மருதாணி, தாலி எல்லாம் இருக்கலாமா?

மணிக்கட்டில் கட்டிய கயிறு, வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் கூடாது. துணிக்குள் கிருமி தங்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கயிற்றைக் கழற்றிச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு வாருங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. மருதாணிச் சாயம் பிரச்சினை இல்லை. நகப்பூச்சும் ஒட்டு நகமும் கூடாது. தாலி உடைக்குள் மறைந்திருக்க வேண்டும், சில இடங்களில் கழற்றவும் சொல்வார்கள்.

நான் இடது கைப்பழக்கம் உள்ளவன்.

தடையே இல்லை. கருவியை டாக்டர் உள்ளங்கையில் பதியும்படி வைக்க இரண்டு கையும் பழகத்தான் வேண்டும். இடது கை டாக்டர் வந்தால் ஊசியை மறுபக்கம் பார்த்து மாட்டிக் கொடுக்க வேண்டும், அதில் நீங்கள் எங்களைவிட வேகமாக இருப்பீர்கள்.

ஊசி குத்தினால் நோய் வராதா? அம்மா பயப்படுகிறார்.

ஆபத்து உண்டு, அதனால்தான் இவ்வளவு விதிகள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முழுவதும் போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். கண்ணாடி, கையுறை கட்டாயம், எலும்பு ஆபரேஷனில் இரட்டைக் கையுறை. எக்ஸ்ரே பயன்படுத்தும் கேஸில் ஈய அங்கி. குத்திவிட்டால் உடனே கழுவி, மறைக்காமல் புகார் எழுத வேண்டும், சிகிச்சைக்கு நேரம் முக்கியம். உண்மையைச் சொன்னால், எங்களில் பலரை வாட்டுவது நோயைவிட முதுகுவலியும் கால் நரம்பும்தான். நல்ல செருப்புக்கும் அழுத்தக் காலுறைக்கும் காசு பார்க்காதீர்கள்.

வேலை நேரம் எப்படி? தோட்டத்திலிருந்து போய் வர முடியுமா?

பட்டியல் கேஸ்கள் பகலில். அவசரச் சிசேரியன், விபத்து, குடல்வால் வெடிப்பு எல்லாம் நேரம் பார்த்து வராது, அதனால் இரவு வேலையும், கூப்பிட்டதும் ஓடிவர வேண்டிய ஆன்-காலும் உண்டு. தைப்பூசத்தன்றும் தீபாவளியன்றும் யாராவது இருந்துதான் ஆக வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதாவது ராஜா பெர்மைசூரி பைனுனுக்கு, காரில் போய் வருபவர்கள் இருக்கிறார்கள். பஸ்ஸை நம்பி ஆன்-கால் பார்க்க முடியாது. தொடக்கத்தில் மருத்துவமனைப் பக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து வீடு எடுப்பதே நிம்மதி. இரவு வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் மோட்டாரில் தோட்டத்துச் சாலையில் வருவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

சம்பளம்?

பதிவு இல்லாத உதவியாளர் வேலை பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் தொடங்கும். பிப்ரவரி 2025 முதல் அது 1,700 ரிங்கிட். டிப்ளோமாவும் பதிவும் உள்ளவருக்கு அதைவிட மேல், அலவன்ஸ், ஆன்-கால், ஓ.டி. மேற்பயிற்சிக்குப் பிறகு உயர்வு என்று கூடும். முன்பு போலப் படித்து முடித்ததும் அரசாங்க நிரந்தர வேலை என்று யாரும் உறுதி தர முடியாது. ஒப்பந்தத்தில் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்க்ரப் தெரிந்த தாதி வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டுக்குப் போகலாமா?

தாதிப் பதிவும் சில வருட ஓ.டி. அனுபவமும் இருந்தால் சிங்கப்பூர், வளைகுடா, பிரிட்டன் எல்லாம் கேட்கும். அமெரிக்கா என்றால் தாதியருக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதித் தாதியாகப் போவதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. அங்குள்ள சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட் சான்றிதழுக்கு அவர்கள் அங்கீகரித்த இடத்தில் படித்திருக்க வேண்டும்.

ரிசல்ட் கையில் இருக்கிறது. இந்த வாரம் என்ன செய்வது?

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். முடிவு, பள்ளி நற்சான்றிதழ் நான்கையும் ஸ்கேன் செய்து கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழக விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று அமைச்சின் இணையத்தளத்தில் தினமும் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் என்ன என்பதற்கு மருத்துவமனைக் கல்லூரிகள் இரண்டுக்காவது சேர்த்தே விண்ணப்பியுங்கள். ஹெபடைட்டிஸ் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள், தொலைந்திருந்தால் கிளினிக்கில் கேளுங்கள்.

நேர்முகத் தேர்வில் "ஏன் இந்த வேலை?" என்று நிச்சயம் கேட்பார்கள். "மக்களுக்குச் சேவை செய்ய" என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்: பாட்டியை ஆஸ்பத்திரியில் கவனித்தது, தோட்டக் கிளினிக்கில் கண்டது, எதுவானாலும். மலாயில் சொல்லிப் பழகுங்கள், கண்ணாடி முன் இல்லாமல் யாராவது எதிரில் உட்கார்ந்து கேட்கும்படி. ஆலோசக ஆசிரியர் இல்லாவிட்டால் சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வாருங்கள், நான் கேட்கிறேன்.